சீக்வென்சர் வாங்கப் போகிறீர்களா? முதலில் தாளத்தை எண்ணுங்கள்

நியூ டவுனில் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் ஹார்மோனியமும் சுருதிப்பெட்டியும் இருந்த இடத்திற்கு இப்போது சிந்தசைசர் வந்துவிட்டது. பிள்ளைகள் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு, பொங்கல் விழாவிலும் பூஜா நாட்களின் கலை நிகழ்ச்சிகளிலும் சேர்ந்து வாசிக்கிறார்கள். சந்தோஷமான விஷயம். அடுத்தபடியாக அவர்கள் கேட்பது "சீக்வென்சர்". கேட்ட மாத்திரத்தில் பெற்றோர் என்னைத் தேடி வருகிறார்கள். "சார், நீங்க ரயில்வேல சிக்னல் பிரிவுல இருந்தவராச்சே, இது என்ன பெட்டி? இதுக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நான் இசைக் கலைஞன் அல்லன். டிப்ளமா முடித்து, தென்கிழக்கு ரயில்வேயில் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவில் கரக்பூரிலும் கார்டன் ரீச்சிலுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவி குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறாள். தாளக் கணக்கு அவளுடையது, கம்பிக் கணக்கு என்னுடையது. பேரனும் அவன் நண்பர்களும் வீட்டில் கொண்டுவந்து போடும் கருவிகளைத் திறந்து பார்த்தும் இணைத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

சீக்வென்சர் என்பது தானாக ஒலி எழுப்பும் கருவி அன்று. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு நேரம் என்ற குறிப்பை வைத்துக்கொண்டு, அந்தந்த நேரத்தில் சிந்தசைசருக்கு உத்தரவு கொடுக்கும் பெட்டி. ரயில்வே பாஷையில் சொன்னால் அது கால அட்டவணை, சிந்தசைசர்தான் வண்டி. சிலவற்றில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். நம் வீடுகளில் பாட்டுப் பயிற்சிக்கு வைத்திருக்கும் மின்னணுத் தாளப்பெட்டி இருக்கிறதே, அதுவும் ஒரு வகையில் சீக்வென்சர்தான். ஆதி, ரூபகம் என்று பொத்தானை அழுத்தினால் உள்ளே எழுதி வைத்த வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அதன் வரிசையைத் தயாரித்தவர் எழுதிவிட்டார். சீக்வென்சரில் நீங்கள் எழுதலாம்.

லேப்டாப்பில் இதையெல்லாம் இலவசமாகவே செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டிலும் ஒலிப்பதிவிலும் லேப்டாப்தான் சிறந்தது, சந்தேகமே இல்லை. மேடையில் நிலைமை வேறு. வாசித்துக்கொண்டிருக்கும்போது எலியை நகர்த்தி மெனுவைத் தேட முடியாது. நடுவில் ஏதோ புதுப்பிப்பு வேண்டும் என்று அது கேட்கும். சென்ற ஆண்டு ஒரு குடியிருப்பு விழாவில் நான்கு பிள்ளைகள் கைகட்டி நிற்க, மடிக்கணினித் திரையில் ஒரு வட்டம் மட்டும் ஐந்து நிமிடம் சுற்றிக்கொண்டிருந்தது. அவையோர் பொறுமையாகத்தான் இருந்தார்கள். பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

மலிவான சீக்வென்சரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங் என்பவர், 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். வெளியிட்டது கிராமபோன் கம்பெனி, அதாவது பழைய எச்.எம்.வி. அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை நம் டம்டமில் இருந்தது என்பது கொல்கத்தாக்காரர்களுக்குத் தெரிந்ததே. அவர் பயன்படுத்தியவை ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகள்: ஜூபிடர்-8 என்ற சிந்தசைசர், டிஆர்-808 என்ற தாளக்கருவி, டிபி-303 என்ற சிறிய பேஸ் கருவி. கடைசியில் சொன்னதுதான் நமக்கு முக்கியம். தனியாக கிட்டார் வாசிப்பவருக்குப் பின்னணியில் பேஸ் வாசிக்கட்டும் என்று 1981-இல் வெளிவந்த பெட்டி அது. உள்ளேயே பதினாறு கட்டச் சீக்வென்சர். ஸ்வரத்தை ஒருமுறையும், கால அளவை இன்னொரு முறையுமாகத் தனித்தனியே எழுத வேண்டும். அதனால் பலருக்குப் பிடிக்கவில்லை. 1984-இல் உற்பத்தி நின்றது. பழைய சாமான் கடைகளில் அடிமாட்டு விலைக்குப் போயிற்று.

சரண்ஜித் சிங் அந்த மூன்றையும் பிரித்துக் கொடுத்த வேலையைப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் தாளம் 808-க்கு. திரும்பத் திரும்ப வரும் அடிநாதம் 303-க்கு. ராகத்தின் வளைவும் நெளிவும் ஜூபிடர்-8 மேல் அவருடைய கைக்கு. மால்கௌன்ஸ், அதாவது நம் ஹிந்தோளத்தின் சாயல் உள்ள ராகம். யமன், நம் கல்யாணிக்கு நெருங்கியது. கலாவதி, நம் வலஜியை ஒத்தது. இவற்றையெல்லாம் இயந்திரத்திடம் முழுக்க ஒப்படைத்திருந்தால் ராகம் மரக்கட்டையாகி இருக்கும். தட்டு அன்று விற்கவில்லை. ஐந்தாண்டு கழித்து, 1987-இல், அமெரிக்காவின் சிகாகோ இளைஞர்கள் அதே 303-ஐ வைத்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசையைத் தொடங்கினார்கள். 2010-இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபதிப்பாகி உலகம் முழுதும் பேசப்பட்டது. எழுபது வயதுக்குமேல் அவர் வெளிநாட்டு மேடைகளில் மறுபடி வாசித்து, 2015-இல் காலமானார். நம் பக்கத்தில் 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி வழி இசையைக் கொண்டுவந்தது, 1992-இல் 'ரோஜா' வந்தது எல்லாம் நீங்கள் அறிந்தவை. அவை ஒலிப்பதிவுக் கூடத்து விஷயங்கள், நம் பேச்சு மேடையைப் பற்றியது.

நிற்க. கடைக்குப் போகுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை வசதி?" என்பதன்று. "எத்தனை கட்டம், அதை நான் குறைக்க முடியுமா?" என்பதுதான்.

விலை மலிவான சீக்வென்சர்கள் பெரும்பாலும் எட்டு அல்லது பதினாறு கட்டம் கொண்டவை. மேல்நாட்டு நடன இசை நான்கு நான்காகப் போவதால் அவர்களுக்கு அது போதும். நமக்கு? ஆதி தாளம் எட்டு அட்சரம். அட்சரத்துக்கு நான்கு கட்டம் வைத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு முப்பத்திரண்டு வேண்டும். பதினாறு கட்டப் பெட்டியில் அரை ஆவர்த்தனம்தான் அடங்கும், சமாளித்துக்கொள்ளலாம். கண்ட சாபு ஐந்து எண்ணிக்கை. இரண்டு இரண்டாக எழுதினால் பத்துக் கட்டம். மிஸ்ர சாபு ஏழு, பதினான்கு கட்டம். அப்போது பதினாறில் இரண்டு கட்டம் மிஞ்சுகிறது. கடைசிக் கட்டம் இதுதான் என்று சொல்லி அந்த இரண்டையும் வெட்ட முடியாத பெட்டியானால், பிள்ளை என்ன செய்வான்? பாட்டை நீட்டுவான். பாட்டியிடம் தொடையில் தட்டிக் கற்ற மிஸ்ர சாபுப் பாட்டு, பெட்டிக்குப் பொருந்துவதற்காக எட்டு எண்ணிக்கையாகிவிடும். திருப்புகழின் சந்தங்களைப் பாடுகிற வீடுகளில் இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு விழாவில் இப்படி நீட்டப்பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு என் மனைவி வீடு திரும்பும் வரை பேசவில்லை. பையன்மேல் குற்றமில்லை. அவனுக்கு வாங்கிக் கொடுத்த பெட்டிக்கு ஏழு தெரியாது.

ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே நீளம் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தாளத்தைப் பதினாறிலும் மெட்டைப் பதினான்கிலும் ஓடவிட்டால், இரண்டும் பிரிந்து போய் நூற்றுப் பன்னிரண்டாவது கட்டம் முடிந்து மறுபடி ஒன்றாகச் சமத்தில் விழும். தாளம் ஏழு சுற்று, மெட்டு எட்டுச் சுற்று. கோர்வை கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த இடம் வரும்போது தலை தானாக ஆடும். திஸ்ர நடைக்கு, ஒரு துடிப்பை மூன்றாகப் பிரிக்கும் வசதி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலானவற்றில் உண்டு.

இரண்டாவது, சுருதி. ஒரு பெண் ஐந்தரைக் கட்டையில் பாடுவாள், அடுத்த பையன் ஒரு கட்டையில். ஒரே விசையை அழுத்தி முழு வரிசையையும் மாற்ற முடிய வேண்டும். முடியாவிட்டால் இரண்டு பாட்டுக்கு நடுவே பிள்ளை எல்லா ஸ்வரத்தையும் மறுபடி எழுதிக்கொண்டு நிற்பான். கமகத்தைப் பற்றி ஒரு வார்த்தை: எந்த மலிவுப் பெட்டியிலும் அதை எழுத முயலாதீர்கள். வழுக்கி ஏறும் 'ஸ்லைடு' ஒன்று இருக்கும், அது ஜாருவுக்கு ஓரளவு உதவும். அதற்கு மேல் கைதான்.

இப்போது என் துறை. கருவிகள் இரண்டுக்கு மேல் போனால், எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரம் வேண்டும். ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் நீல்ஸ் டோக்கன் கருவி என்று ஒன்று உண்டு. உள்ளேயிருந்து வரும் உருண்டையான டோக்கன் கையில் இருந்தால்தான் டிரைவர் அந்தப் பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாம். ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே இருக்கும். இங்கும் அப்படியே. ஒரு கருவியை மட்டும் தலைமைக் கடிகாரமாக வைத்து, மற்றவை அனைத்தையும் வெளிக் கடிகாரத்தைப் பின்பற்றுமாறு அமைத்துவிட வேண்டும். இரண்டு கருவிகள் தலைமை தாங்கினால் ஒரு நிமிடத்திலேயே தாளம் பிசகத் தொடங்கும்.

இந்தக் கடிகாரச் செய்தி மிடி என்ற முறையில் போகிறது. 1983-இல் பல கம்பெனிகள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஏற்பாடு, இன்றும் நடப்பில் உள்ளது. ஒரு கால்பங்கு ஸ்வரத்துக்கு, அதாவது நாம் கையால் தட்டும் ஒரு துடிப்புக்கு, இருபத்து நான்கு சிறு துடிப்புகள். நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தில் விநாடிக்கு 48. கம்பியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு ஸ்வரத்துக்கான உத்தரவு மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னும் பின்னும் அடையாளம் சேர்த்துப் பத்து பிட். ஆக ஒரு ஸ்வரத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. பத்து ஸ்வரங்களை ஒரே சமயத்தில் ஒரே கம்பியில் அனுப்பினால் கடைசி ஸ்வரம் பத்து மில்லி விநாடி தாமதித்துத்தான் போகும். ஆகவே தாளக்கருவிக்கு ஒரு கம்பி, சிந்தசைசருக்கு ஒரு கம்பி என்று இரண்டு வெளியீடு உள்ள சீக்வென்சர் கிடைத்தால் நல்லது. கம்பியின் நீளம் 15 மீட்டருக்கு மேல் வேண்டாம்.

மிடியில் எனக்குப் பிடித்தது, இரண்டு கருவிகளுக்கு நடுவே மின் தொடர்பே கிடையாது என்பதுதான். வரும் மின்னோட்டம் உள்ளே ஒரு சிறு விளக்கை எரிக்கிறது. எதிரே உள்ள ஒளியுணர் கருவி அதைப் பார்த்துச் செய்தியைப் படிக்கிறது. சிக்னல் துறையில் ரிலே வைத்துப் பிரிப்போமே, அதே தத்துவம். பந்தல் மேடையில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் வந்தால், பாதிச் சமயம் காரணம் யூ.எஸ்.பி. கம்பி வழியாக வந்த பூமி இணைப்புச் சுற்றுதான். முடிந்தவரை மிடி கம்பியிலேயே இணையுங்கள்.

பிளக் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. பழைய 303, 808 போன்றவற்றின் பின்னால் உள்ள ஐந்து முள் துளை, பார்வைக்கு மிடி போலவே இருக்கும். அது வேறு முறை, மிடியுடன் நேராகப் பேசாது. அடுத்து, புதிய சிறு கருவிகளில் ஐந்து முள்ளுக்குப் பதில் ஹெட்போன் அளவுத் துளை வருகிறது. இதில் ஏ, பி என்று இரண்டு வகை இணைப்புக் கம்பிகள் உண்டு. 2018-இல் ஏ வகையைப் பொது விதியாக்கிவிட்டார்கள் என்றாலும், அதற்கு முன் வந்த சில கருவிகள் பி வகை. மாற்றிப் போட்டால் எதுவும் எரிந்துவிடாது, ஆனால் எதுவும் கேட்காது. பெட்டியுடன் வந்த கம்பியைத் தொலைக்காதீர்கள்.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். நம் குடியிருப்புகளில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளச் சில விநாடிகள் ஆகும். அந்தச் சில விநாடிகளில், அடாப்டரில் மட்டும் ஓடும் கருவி அணைந்து, சேமிக்காததை மறந்துவிடும். உள்ளே பேட்டரி உள்ளது அல்லது யூ.எஸ்.பி. மின்சாரத்தில் ஓடுவது நல்லது. பின்னதை பவர் பேங்கில் ஓட்டலாம். சில பவர் பேங்குகள் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் போன் சார்ஜ் ஏறிவிட்டது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். விழாவுக்கு முந்தைய நாள் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

இனி எந்தப் பெட்டி என்ற கேள்வி. கோர்க் எஸ்.க்யூ-1 என்பது சிறியது, மலிவானது. எட்டு எட்டாக இரண்டு வரிசைத் திருகுகள். வேண்டாத கட்டத்தைத் தாவச் செய்யலாம் என்பதால் ஏழும் வரும், ஐந்தும் வரும். இரண்டு சிறு பேட்டரியில் ஓடும். ஆனால் நினைவகம் கிடையாது. திருகு நிற்கும் இடம்தான் நினைவு. அடுத்த பாட்டுக்கு எல்லாவற்றையும் திருக வேண்டும். விளையாட்டுக்கு அருமை, ஐந்து பாட்டு நிகழ்ச்சிக்குப் போதாது.

ஆர்ட்டூரியா கீஸ்டெப் என்பதைத்தான் முதல் கருவியாக நான் பெற்றோருக்குச் சொல்லி வருகிறேன். 2016-இல் வந்தது. முப்பத்திரண்டு விசைக் கீபோர்டும் அறுபத்து நான்கு கட்டச் சீக்வென்சரும் ஒன்றாக இருக்கும். எத்தனை ஸ்வரம் எழுதுகிறோமோ அதுவே நீளம். பதினான்கு எழுதினால் பதினான்கில் திரும்பும். மௌனத்துக்கு ஒரு பொத்தான், கார்வைக்கு ஒன்று. ஒரு விசையை அழுத்தினால் வரிசை முழுவதும் சுருதி மாறும். எட்டு வரிசைகளை நினைவில் வைக்கும். ஐந்து முள் மிடி உண்டு, யூ.எஸ்.பி.யில் ஓடும். குறை, ஒரே தடம்தான். தாளத்துக்கு வேறொன்று வேண்டும். அதற்குக் கோர்க் வோல்கா பீட்ஸ் போன்ற சிறு தாளக்கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். அதிலும் கட்டத்தைத் தாவச் செய்ய முடியும். இரண்டு பிள்ளைகள் உள்ள குழுவுக்கு இந்த ஜோடி தாராளம்.

நான்கைந்து பேர் நிலையாக வாசிக்கும் குழுவென்றால், செலவைப் பகிர்ந்துகொண்டு கீஸ்டெப் ப்ரோ வாங்கலாம். விலை சின்னதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நான்கு தடம், ஒவ்வொன்றுக்கும் தனி நீளம், இரண்டு மிடி வெளியீடு. ஆனால் அடாப்டரில்தான் ஓடும். நோவேஷன் சர்க்யூட் ட்ராக்ஸ் ஏறத்தாழ அதே விலை வரிசையில் வருவது. உள்ளேயே இரண்டு சிந்தசைசர், நான்கு தாள ஒலி, வெளிக் கருவிகளுக்கு இரண்டு தடம், உள்ளே பேட்டரி. கட்டம் முப்பத்திரண்டு வரை. தொடக்கமும் முடிவும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் சிந்தசைசரே இல்லாதவர்களுக்கு இதுவே சிக்கனம். ஏற்கெனவே இரண்டு மூன்று வைத்திருப்பவர்களுக்கு ப்ரோ நல்லது என்பது என் கருத்து. பேரன் ஒப்புக்கொள்ளவில்லை; அவனுக்குப் பளிச்சென்று எரியும் பொத்தான்கள்தான் பிடிக்கிறது.

பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அலெசிஸ் எம்.எம்.டி-8, யமஹா க்யூ.ஒய் வரிசை போன்றவை மேடைக்கு இன்றும் நல்லவையே. உள்ளே நினைவைக் காக்கும் லித்தியம் பேட்டரி எப்போது மாற்றியது என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதற்கும் சேர்த்து விலை பேசுங்கள்.

கொல்கத்தாவில் வாசித்துப் பார்த்து வாங்க லால்பஜார், ரவீந்திர சரணி பக்கத்து வாத்தியக் கடைகளுக்குப் போகலாம். கம்பி, இணைப்பான், அடாப்டருக்குச் சாந்தினி சவுக். கடைக்காரரைத் 'தாதா' என்று கூப்பிடுங்கள், நம் ஊர் அர்த்தத்தில் அன்று. கீபோர்டு வைத்திருக்கும் கடையில் சீக்வென்சர் இருக்கும் என்று சொல்ல முடியாது. தபாலில் வரவழைத்தால், இந்திய உத்தரவாதம் உண்டா, இறக்குமதித் தீர்வை விலையில் சேர்ந்ததா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கையில் கொண்டுவந்தால் விலை குறையலாம், பழுதானால் பார்க்க ஆளிருக்காது.

கடையில் கருவி கைக்கு வந்ததும் பிள்ளையை இதைச் செய்யச் சொல்லுங்கள். பதினான்கு கட்டத்தில் ஒரு மிஸ்ர சாபு எழுதட்டும். தகதிமி பிறகு வந்தாலும் தகிட முதலில் வந்தாலும் சரி. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரிசையை எழுதி, முதலாவதிலிருந்து அதற்கு மாறட்டும். மாற்றம் உடனே வெட்டிக்கொண்டு வருகிறதா, ஆவர்த்தனம் முடிந்து வருகிறதா என்று கவனியுங்கள். பின்னதுதான் மேடைக்கு வேண்டும். ஒரு தடத்தை மட்டும் மௌனமாக்கி மறுபடி எழுப்பட்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே இரண்டையும் செய்யட்டும், ஏனென்றால் விழா மேடையில் பின்வரிசைக்கு விளக்கு வராது. இத்தனைக்கும் கால் மணி நேரம் போதும். கடைக்காரர் அவசரப்படுத்தினால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.